லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து பார்ப்பது: எஸ்எல்ஆரிலிருந்து பழைய ரேஞ்ச்ஃபைண்டருக்கு மாறுவோருக்கு

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றை வாங்கி நான் எடுத்த முதல் ஃபிலிம் சுருளில் முதல் ஏழு படங்கள் விழவேயில்லை. கழுவி வந்த நெகட்டிவைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் ஒரு நீளத்துக்கு வெறும் ஃபிலிம்தான் இருந்தது; எட்டாவது கட்டத்திலிருந்துதான் காய்கறிச் சந்தையும் தராசும் முகங்களும் வரத் தொடங்கின. காரணம் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. அந்த ஏழு படங்களையும் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்திருந்தேன். ஏழு முறையும் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் சந்தை பளிச்சென்று தெரிந்தது, ஃபோக்கஸ் சரியாகச் சேர்ந்தது, ஷட்டர் ஒழுங்காக ஒலித்தது; மூடி கிடக்கிறது என்று சொல்லும் அறிகுறி ஒன்றுகூட இல்லை.

அதற்குமுன் பல ஆண்டுகள் பென்டாக்ஸ் கே1000 என்னும் எஸ்எல்ஆர் கேமராவைப் பயன்படுத்திவந்தேன். அதன் ஒளிமானியை அணைக்கத் தனி விசை கிடையாது. வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் பேட்டரி தீரும் என்பதால், எடுத்து முடித்ததும் லென்ஸ் மூடியைப் போட்டுவிடுவது அந்தக் கேமரா வைத்திருப்பவர்களின் கைப்பழக்கம். அங்கே மூடியை மறந்தாலும் கேடில்லை. கண்ணை வைத்தவுடன் இருட்டாக இருக்கும், கழற்றிவிடுவோம். அதே பழக்கம் இங்கே ஏழு படங்களைத் தின்றுவிட்டது. எஸ்எல்ஆரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்குப் பக்கத்திலிருக்கும் வேறொரு சாளரம் வழியாகப் பார்க்கிறோம். இந்த வகைக் கேமராவின் நன்மைகளும் தொல்லைகளும் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவை என்பதால், மாற நினைப்பவர் இதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டால் போதும்; மீதியைத் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

எஸ்எல்ஆரில் லென்ஸ் வழியே நுழையும் ஒளி, ஃபிலிமுக்கு முன்னால் 45 டிகிரி சாய்வில் நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, ஒரு மங்கல் கண்ணாடித் திரையில் படமாக விழுகிறது. அந்தப் படத்தை ஒரு பட்டகம் இடவலம் மாறாமல் நேராக்கிக் கண்ணுக்கு அனுப்புகிறது. ஃபோக்கஸ் தவறினால் திரையில் மங்கலாகத் தெரியும்; லென்ஸை மாற்றினால் காட்சியும் மாறும்; பின்னணி எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதும் ஓரளவு தெரியும். பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்ப, ஷட்டர் திறந்து மூட, கண்ணாடி மறுபடி கீழே இறங்குகிறது. எடுக்கப்போகும் படத்தை முன்கூட்டியே பார்த்துவிடும் வசதி இது. பழகியவர்களுக்கு இது ஒரு வசதி என்பதே மறந்துபோயிருக்கும்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்ற சொல்லுக்குத் தூரமானி என்பதுதான் நேர்ப்பொருள். அது தூரத்தை எப்படி அளக்கிறது என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டாம். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, எதிர்ச்சுவரைப் பின்னணியாக வைத்து, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றிமாற்றி மூடிப் பாருங்கள். விரல் சுவரின்மீது இடமும் வலமுமாகத் தாவுவதுபோல் தெரியும். விரலை முகத்தருகே கொண்டுவந்தால் தாவல் பெரிதாகும், தள்ளிப் பிடித்தால் குறையும். இரண்டு கண்களும் சற்றே வெவ்வேறு இடங்களிலிருந்து பார்ப்பதால் வரும் இந்தத் தாவல், பொருள் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதைப் பொறுத்தது. ஆகவே தாவலை அளந்தால் தூரம் கிடைத்துவிடும்.

கேமராவுக்கும் முன்பக்கத்தில் இரண்டு கண்கள் உண்டு. ஒன்று நாம் பார்க்கும் பெரிய சாளரம். மற்றொன்று அதிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் சிறிய சாளரம். பெரிய சாளரத்துக்குப் பின்னால் பாதி ஒளியைக் கடத்திப் பாதியைத் திருப்பும் ஒரு கண்ணாடி இருக்கிறது. சிறிய சாளரத்தில் நுழையும் ஒளி, அசையக்கூடிய இன்னொரு கண்ணாடியிலோ பட்டகத்திலோ பட்டு வந்து இதன்மேல் விழுகிறது. அதனால் காட்சியின் நடுவில், பெரும்பாலும் வெளிர்மஞ்சள் நிறத்தில், ஒரு சிறு கட்டம் தோன்றி, அதற்குள் எல்லாம் இரட்டையாகத் தெரியும். லென்ஸின் ஃபோக்கஸ் வளையத்தைத் திருப்பும்போது, அதனோடு இணைந்த நெம்புகோல் உள்ளே அந்த அசையும் கண்ணாடியை நூலிழை அளவு திருப்புகிறது. இரட்டை உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் கணத்தில், லென்ஸும் அந்தத் தூரத்துக்கே நிறுத்தப்பட்டிருக்கும்.

இந்த இணைப்பு தொடக்கத்தில் இல்லை. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்துக்காக ஆஸ்கர் பார்னாக் உருவாக்கிய லைக்கா கேமரா 1925இல் விற்பனைக்கு வந்தபோது, அதில் தூரமானியே கிடையாது. தனியாக வாங்கி மேலே செருகிக்கொண்டு, அது காட்டும் தூரத்தைப் படித்து, லென்ஸில் கையால் வைக்க வேண்டும். 1932இல் வந்த லைக்கா 2 மாதிரியில்தான் தூரமானி லென்ஸோடு இணைக்கப்பட்டது. அதே ஆண்டில் சைஸ் ஐகான் நிறுவனத்தின் கான்டாக்ஸும் இணைப்புத் தூரமானியோடு வந்தது. ஆனாலும் ஃபோக்கஸ் பார்க்க ஒரு துளை, சட்டகம் பார்க்க மற்றொரு துளை என்று கண்ணை மாற்ற வேண்டியிருந்தது. 1936இன் கான்டாக்ஸ் 2 இரண்டையும் ஒரே சாளரத்தில் சேர்த்தது. 1954இல் வந்த லைக்கா எம்3, அந்த ஒரே சாளரத்தைப் பெரிதாக, வெளிச்சமாக, லென்ஸுக்கு ஏற்பத் தானே மாறும் சட்டகக் கோடுகளோடு கொடுத்தது; இன்று ரேஞ்ச்ஃபைண்டர் என்றதும் பலருடைய மனத்தில் எழும் உருவம் அதுதான்.

எஸ்எல்ஆர் பழகியவர் முதலில் தடுமாறுவது ஃபோக்கஸில்தான். அங்கே திரை முழுவதும் மங்கலிலிருந்து தெளிவுக்கு வரும். இங்கே காட்சி எப்போதும் தெளிவாகவே இருக்கும், நடுக் கட்டத்துக்குள் மட்டும் இரட்டை உருவம் நகரும். ஆகவே, முகத்தைப் பொதுவாகப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் புலப்படாது. நிமிர்ந்து நிற்கும் ஒரு விளிம்பைத் தேட வேண்டும். சன்னல் கம்பி, கதவு நிலை, சட்டையின் பொத்தான் பட்டை, மூக்குக்கண்ணாடியின் ஓரம், கன்னத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான எல்லைக்கோடு ஆகியவை நன்றாக உதவும். உருவங்கள் இடவலமாக நகர்வதால், கிடைக்கோடுகளை வைத்து ஃபோக்கஸ் பார்ப்பது வீண். கிடைக்கோடு மட்டுமே இருக்கும் இடத்தில் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். வரிசையாகக் கம்பிகள் உள்ள கிராதி ஒரு பொறி: ஒரு கம்பியின் உருவம் அடுத்த கம்பியின்மேல் போய்ப் பொருந்தி, ஃபோக்கஸ் ஆகிவிட்டது என்று நம்பவைத்துவிடும்.

நான் வைத்திருப்பது கேனோனெட் க்யூஎல்17 ஜி3. 1972இல் வந்த மாதிரி. கழற்ற முடியாத 40 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ் கொண்டது. எஃப் எண் என்பது லென்ஸில் ஒளி நுழையும் துளையின், அதாவது அப்பர்ச்சரின், அளவு; எண் சிறிதானால் துளை பெரிது. அதில் எனக்குப் பழகிய முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஃபோக்கஸை முடிவிலிக்கே கொண்டுபோய்விடுவேன். அடுத்த முறை கண்ணை வைத்ததும், இரட்டை உருவம் எந்தப் பக்கம் விலகியிருக்கும், லென்ஸிலுள்ள ஃபோக்கஸ் நெம்புகோலை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பது யோசிக்காமலே தெரிந்திருக்கும். முன்னும் பின்னுமாகத் தேடும் பழக்கம் எஸ்எல்ஆரிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவது. இங்கே ஒரே திசையில் தள்ளி, பொருந்தியதும் நிறுத்திவிடுவதே வேகம். இரண்டு மூன்று சுருள்களுக்குப் பிறகு விரலே தூரத்தை ஊகிக்கத் தொடங்குகிறது.

தூரமானியின் துல்லியம் அதன் இரண்டு சாளரங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பொறுத்தது. இடைவெளி அகன்றால் தாவல் பெரிதாகும், அளவு நுட்பமாகும். அதோடு, காட்சியை வியூஃபைண்டர் எவ்வளவு சுருக்கிக் காட்டுகிறது என்பதும் கணக்கில் சேரும். லைக்கா எம்3இல் இடைவெளி 68.5 மி.மீ., உருவளவு 0.91 மடங்கு, இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 62 மி.மீ. வரும். மனிதனின் இரு கண்களுக்கிடையே உள்ள தூரமும் கிட்டத்தட்ட இவ்வளவே. குடும்பப் படங்களுக்காகச் செய்யப்பட்ட சிறிய கேமராக்களில் இந்த எண் மிகவும் குறைவு. ஆனால் அவற்றில் இருப்பது 40 அல்லது 45 மி.மீ. லென்ஸ் என்பதால் அது போதுமானதாக இருக்கிறது. 135 மி.மீ. லென்ஸுக்கு மேல் ரேஞ்ச்ஃபைண்டரில் பொதுவாகப் போவதில்லை என்பதற்கும் இதுவே காரணம்: லென்ஸ் நீள நீள, பொறுக்கக்கூடிய பிழை சுருங்கிக்கொண்டே போகும், தூரமானியோ அதே நிலையில் நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. எஸ்எல்ஆர் திரையில் தெளிவாக இருந்தால், பெரும்பாலும் ஃபிலிமிலும் தெளிவாக இருக்கும், ஏனெனில் இரண்டும் ஒரே ஒளியைப் பார்க்கின்றன. தூரமானிக்கு லென்ஸில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. கீழே விழுந்தோ பழமையாலோ அதன் இணைப்பு சற்று நகர்ந்திருந்தால், உருவங்கள் அழகாகப் பொருந்தும், படமோ மங்கலாக வரும். அதனால் வாங்கும்போதே ஒரு சோதனை செய்ய வேண்டும். ஃபோக்கஸை முடிவிலியில் வைத்து, பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோபுரத்தையோ, இரவானால் நிலாவையோ பாருங்கள். இரண்டு உருவங்களும் துல்லியமாகப் பொருந்த வேண்டும். அதன்பின், தூரத்தை அளவுநாடாவால் அளந்து, ஒரு மீட்டரில் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உருவங்கள் மேலும் கீழுமாக விலகித் தெரிந்தால் அது வேறு கோளாறு. ஃபோக்கஸைக் கெடுக்காது என்றாலும் பொருந்தும் கணத்தைக் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும். இரண்டையும் பழுதுபார்ப்பவர்கள் திருத்திக் கொடுப்பார்கள்.

அடுத்து சட்டகம். வியூஃபைண்டரின் உள்ளே ஒளிக்கோடுகளால் ஒரு செவ்வகம் மிதக்கும். ஃபிலிமில் விழுவது அந்தக் கோடுகளுக்குள் இருப்பது மட்டுமே. கோடுகளுக்கு வெளியிலும் காட்சி தெரியும். எஸ்எல்ஆரில் சட்டகத்துக்கு வெளியே கருப்பு. இங்கே இடப்பக்கமாகச் சைக்கிளில் ஒருவர் வருவதை அவர் சட்டகத்துக்குள் நுழையும் முன்பே பார்த்து, அவர் உள்ளே வந்து சேரும் கணத்துக்குக் காத்திருக்கலாம். தெருவில் எடுப்பவர்கள் இந்தக் கேமராவை விடாமல் வைத்திருப்பதற்கு முதற்காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால், சாளரம் லென்ஸுக்கு மேலே, ஓரமாக இருப்பதால், அது பார்ப்பதும் லென்ஸ் பார்ப்பதும் ஒன்றல்ல. பத்து மீட்டருக்கு அப்பால் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரு மீட்டரில் அது தலையை வெட்டிவிடும். இதற்குப் பாரலாக்ஸ் என்று பெயர். கட்டைவிரல் தாவியதே, அதே தாவல்தான் இங்கே எதிரியாக வருகிறது. கேனோனெட் போன்ற பல கேமராக்களில், அருகே ஃபோக்கஸ் செய்யச் செய்ய ஒளிக்கோடுகள் கீழே வலப்புறமாக நகர்ந்து இதை ஈடுசெய்யும். இந்த ஏற்பாடு இல்லாத கேமராவில், கிட்டத்தில் எடுக்கும்போது தலைக்குமேல் கூடுதலாக இடம் விட்டே எடுக்க வேண்டும். எந்த ஏற்பாட்டாலும் தீராத சிக்கல் ஒன்றும் உண்டு. முன்னால் இருக்கும் தூணின் ஓரமும் பின்னால் இருக்கும் முகமும் தொட்டுக்கொள்வதுபோல் நுணுக்கமாக அமைத்தால், ஃபிலிமில் அந்த உறவு மாறியிருக்கும், ஏனெனில் லென்ஸ் நின்ற இடம் வேறு. அத்தகைய நுணுக்கமான அமைப்புகளை விரும்புபவர் எஸ்எல்ஆரை விற்றுவிட வேண்டாம்.

பின்னணி எவ்வளவு மங்கும் என்பதையும் இங்கே கண்ணால் பார்க்க இயலாது. வியூஃபைண்டரில் கைக்கெட்டும் செம்பருத்தியும் தெருக்கோடியும் ஒரே தெளிவில் தெரியும். எஃப் 1.7இல் வைத்தாலும் எஃப் 16இல் வைத்தாலும் காட்சி மாறாது. 40 மி.மீ. லென்ஸை எஃப் 1.7இல் திறந்து 0.8 மீட்டரில் எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 4 செ.மீ. மட்டுமே, கண்ணில் ஃபோக்கஸ் வைத்துவிட்டு, சட்டகம் அமைக்கையில் உடம்பைச் சற்று முன்னே சாய்த்தாலே கண் தப்பி காது கூர்மையாகிவிடும். இதை எண்களாகவே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த எண்களே மறுபக்கத்தில் கைகொடுக்கவும் செய்கின்றன. அதே லென்ஸை எஃப் 11இல் வைத்து 3 மீட்டரில் நிறுத்தினால், ஏறத்தாழ 1.9 மீட்டரிலிருந்து 7.9 மீட்டர் வரை எல்லாம் ஏற்றுக்கொள்ளத்தக்க கூர்மையோடு விழும். ஒரு தெருவின் அகலம் முழுவதும் அதற்குள் அடங்கும். ஆகவே பகல் வெளிச்சத்தில் ஃபோக்கஸைத் தொடாமலே, சட்டகத்தை மட்டும் பார்த்து எடுத்துக்கொண்டே போகலாம். லென்ஸைச் சுற்றித் தூர அளவுகளும், பல மாதிரிகளில் அதன் இருபுறமும் அப்பர்ச்சர் எண்களும் பொறித்திருப்பது இதற்காகத்தான். எஸ்எல்ஆர் லென்ஸிலும் இந்த அளவுகள் உண்டு. ஆனால் கண்ணெதிரே திரை இருக்கும்போது யார் அதைப் படிக்கிறார்கள்?

கண்ணாடி இல்லாததால் கிடைக்கும் லாபங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஷட்டர் திறக்கும் கணத்தில் காட்சி இருளாது. கண் இமைத்தாரா என்பதை அந்தக் கணத்திலேயே பார்த்துவிடலாம். கண்ணாடி எழும்பும் அதிர்வு இல்லாததால், 1/15 நொடியிலும் கையில் பிடித்து எடுக்கத் துணியலாம். சத்தம் குறைவு, அதிலும் லென்ஸுக்குள்ளேயே இதழ்களாக அமைந்த ஷட்டர் என்றால், கேட்பது ஒரு சிறு சொடுக்கு மட்டுமே. லென்ஸின் பின்பகுதி ஃபிலிமை நெருங்கிச் செல்லவும் இடம் இருக்கிறது. நிக்கான் எஃப் வகையில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 46.5 மி.மீ.; லைக்கா எம் வகையில் 27.8 மி.மீ. மட்டுமே. அகல்கோண லென்ஸைச் சிறிதாக, நேரான வடிவமைப்பில் செய்ய இது பெரிய வசதி. எஸ்எல்ஆர் அகல்கோண லென்ஸ்கள் கண்ணாடிக்கு இடம்விட்டு எட்டி நிற்க வேண்டியிருப்பதால் பருத்துப்போகின்றன.

இவ்வளவு லாபம் இருந்தும் ரேஞ்ச்ஃபைண்டர் ஏன் பின்வாங்கியது என்றால், எஸ்எல்ஆரின் குறைகள் ஒவ்வொன்றாக நீங்கியதே காரணம். பழைய எஸ்எல்ஆர்களில் படம் எடுத்தபின் கண்ணாடி மேலேயே நின்றுவிடும். அடுத்த படத்துக்கு ஃபிலிமைத் திருகும்வரை இருட்டுதான். தானே உடனே இறங்கும் கண்ணாடி 1950களில் ஜப்பானியக் கேமராக்களில் வந்து, 1959இல் நிக்கான் எஃப் வெளியானபோது, செய்திப் படக்காரர்கள் பெருமளவில் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அந்த நிக்கான் எஃப், அதே நிறுவனத்தின் எஸ்பி என்னும் ரேஞ்ச்ஃபைண்டர் உடலையே அடிப்படையாகக் கொண்டு உருவானது என்பது ஒரு வேடிக்கை.

அதற்கு முந்தைய காலத்தில் இந்தக் கருவி என்னவெல்லாம் செய்தது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் 1932 வாக்கில் லைக்காவைக் கையிலெடுத்து, பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே வைத்து வாழ்நாள் முழுவதும் எடுத்தவர். பளபளக்கும் உலோகப் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொள்வார். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ஏப்ரல் 14 அன்று ரமண மகரிஷி மறைந்த அந்த நாள்களில் ஆசிரமத்தில் அவர் எடுத்த படங்கள் இன்றும் கிடைக்கின்றன. எம்3 பிறக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்த காலம் அது. ஒரு துளையில் ஃபோக்கஸ், மற்றொரு துளையில் சட்டகம் என்று கண்ணை மாற்றும் திருகு லென்ஸ் லைக்காக்களின் காலம். துக்கத்தில் இருப்பவர்களின் நடுவே நின்று எடுக்க, ஓசை எழுப்பாத கைக்கடக்கமான கருவி எவ்வளவு உதவியிருக்கும் என்று அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

சரி, எதை வாங்குவது? தொடங்குபவருக்கு லைக்காவைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. அந்த விலைக்கு முன்னால், இந்த வகை தமக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கு 1960, 70களின் ஜப்பானியக் கேமராக்களே போதும். 1966இல் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35இல் 45 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ் இருக்கிறது. அப்பர்ச்சரை நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும். பேட்டரி இல்லாவிட்டால் எல்லாப் படத்தையும் 1/500 நொடியிலேயே எடுத்துவிடும் என்பது அதன் குறை. கேனோனெட்டில் வேகத்தை நாம் வைத்தால் அப்பர்ச்சரை அது தேர்ந்தெடுக்கும். பேட்டரி இல்லாமலும் எல்லா வேகங்களும் இயங்கும். லென்ஸை மாற்ற விரும்புபவர்களுக்குச் சோவியத் கேமராக்கள் மலிவான வாசல். கார்கிவில் செய்யப்பட்ட ஃபெட், மாஸ்கோவுக்கருகே கிராஸ்னகோர்ஸ்கில் செய்யப்பட்ட சோர்க்கி ஆகியவை பழைய லைக்காவின் வழிவந்து, அதன் 39 மி.மீ. திருகு லென்ஸ்களையே ஏற்பவை. போருக்குப்பின் ஜெர்மனியிலிருந்து கொண்டுபோன இயந்திரங்களால் பிறந்த கீவ் கேமரா, கான்டாக்ஸின் மறுபிறவி. சோர்க்கி 4 போன்றவற்றில் ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். முன்னதாகத் திருகினால் உள்ளுறுப்பு பழுதாகலாம். இவற்றின்மேல் லைக்கா என்று பொறித்து, பொன்முலாமும் பூசி விற்கும் போலிகள் ஏராளமாகச் சுற்றுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

பேட்டரி ஒரு தனித் தலைவலி. அக்கால ஒளிமானிகள் பலவும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அளவிடப்பட்டவை. சுற்றுச்சூழல் காரணங்களால் அந்தப் பேட்டரிகள் சந்தையிலிருந்து போய்விட்டன. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால், கேனோனெட்டின் ஒளிமானி இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாக எண்ணிப் படத்தை இருளாக்கும். காதுகேள் கருவிகளுக்கான 1.4 வோல்ட் துத்தநாக–காற்று பேட்டரி இதற்கு நல்ல மாற்று. சில வாரங்களிலேயே தீர்ந்துபோகும் என்றாலும் மலிவு. நான் பெரும்பாலும் பேட்டரியே போடுவதில்லை. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, ஃபிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணையே ஷட்டர் வேகமாக வைத்தால் சரியாக இருக்கும் என்ற பழைய கணக்கு நம் வெயிலுக்கு அப்படியே பொருந்துகிறது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கேனோனெட்டின் அதிகபட்ச வேகம் 1/500, மிகச் சிறிய அப்பர்ச்சர் எஃப் 16. ஐஎஸ்ஓ 400 ஃபிலிமைப் போட்டு உச்சிவெயிலில் நின்றால், இரண்டும் எல்லையைத் தொட்டுவிடும், நகர இடமிருக்காது. ஐஎஸ்ஓ 100 என்றால் அதே வெயிலில் 1/500க்கு எஃப் 8 வரை வரலாம். பகலுக்கு 100 அல்லது 200, மாலைக்கும் வீட்டுக்குள்ளும் 400 என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம்.

வாங்குமுன் தூரமானியைச் சோதிப்பதோடு, லென்ஸின் வழியே கைவிளக்கைப் பாய்ச்சி உள்ளே சிலந்திவலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் இது மிகச் சாதாரணம். வாங்கியபின் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் பெருமளவு தப்பிக்கலாம். நடுக்கட்டத்தில் இரண்டாவது உருவம் வெளிறிப்போய், மங்கிய அறையில் கண்ணுக்கே புலப்படவில்லை என்றால், பாதி பூசிய கண்ணாடியின் பூச்சு தேய்ந்திருக்கலாம் என்பதால் அந்தக் கேமராவை விட்டுவிடுங்கள். பின்கதவைத் திறந்தால் ஓரங்களில் கறுப்பு ஸ்பாஞ்ச் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். அது ஒளிக்கசிவைத் தடுக்கும் அடைப்பு, காலத்தால் உளுத்தது, மாற்றுவது எளிது. 1/4 நொடி ஏறக்குறைய ஒரு நொடிபோல் இழுத்தால் ஷட்டருக்குச் சர்வீஸ் தேவை என்று பொருள். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே பேசுங்கள்.

இந்தக் கேமராவால் இயலாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பூவின் மகரந்தத்தை எடுக்க முடியாது, கேனோனெட் 0.8 மீட்டருக்குள் வராது, பழைய திருகு லென்ஸ்கள் பல ஒரு மீட்டரிலேயே நின்றுவிடும். மரத்து உச்சியில் இருக்கும் பறவையை எடுக்க முடியாது. பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைக் கண்ணால் பார்த்துத் திருப்ப முடியாது. இவை உங்கள் அன்றாட வேலை என்றால், இரண்டு கேமராக்களையும் வைத்துக்கொள்வதே வழி. என் பென்டாக்ஸ் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, பூக்களுக்கு அதைத்தான் எடுக்கிறேன்.

முதல் சுருளை வீணாகப் போகட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். ஒரே மனிதரை ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், நான்கு மீட்டரில் நிறுத்தி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எடுங்கள். எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சட்டகக் கோட்டில் தலை சரியாகத் தொடும்படி சில படங்கள் எடுத்து, நெகட்டிவில் தலை எங்கே வந்திருக்கிறது என்று ஒப்பிடுங்கள். முன்பக்கத்தின் சிறிய சாளரத்தை விரல் மறைக்கிறதா என்றும் கவனியுங்கள்; மறைத்தால் நடுக்கட்டத்தில் இரண்டாவது உருவம் காணாமல் போகும், கேமரா கெட்டுவிட்டது என்று பயந்துவிடுவீர்கள்.

என் கேனோனெட்டின் மூடி இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. லென்ஸின் முன்னால் 48 மி.மீ. யூவி ஃபில்டர் ஒன்றைத் திருகிவிட்டேன். இதழ் ஷட்டர் என்பதால் வெயில் பட்டாலும் கேமராவுக்குத் தீங்கில்லை. துணித்திரை ஷட்டர் கொண்ட லைக்கா, ஃபெட், சோர்க்கி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. எஸ்எல்ஆரில் கண்ணாடி மறைத்துக் காப்பாற்றும் அந்தத் திரையின்மேல், இங்கே லென்ஸ் சூரியனை நேராகக் குவித்துத் துளை போட்டுவிடும். அவர்கள் வெயிலில் மூடியைப் போட்டே நடக்க வேண்டும், எடுக்கும் ஒவ்வொரு முறையும் கழற்றியாக வேண்டும். கழற்றினோமா என்று வியூஃபைண்டர் சொல்லாது.